பாலைவனத் தரைக்குள் குளிர்ச்சி தேடி நான் இழந்த ஒன்பது லட்சம்

எனக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. போர்வெல் வண்டிகளுக்குப் பெயர்போன ஊர். அப்பா இருபது வருடம் ரிக் வண்டியோடு வடமாநிலங்களைச் சுற்றியவர். நான் குளிர்சாதனத் தொழிலுக்கு வந்து, ஓமானில் பதினான்கு வருடங்களாகச் சிறிய பராமரிப்பு ஒப்பந்தங்களை எடுத்துச் செய்கிறேன். துளை போடுவது பார்த்து வளர்ந்த விஷயம், குளிர்சாதனம் கைத்தொழில் என்ற தைரியத்தில் 2022இல் ஒரு வேலையை ஏற்றேன். ஆதமிலிருந்து ஹைமா போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, சரளைக்கல் வெளியில் நின்ற ஒரு கருவி அறையைக் குளிர்விக்கும் வேலை. அதில் என் கையை விட்டுப் போனது 4,300 ரியால். நம் ஊர்க் கணக்கில் ஒன்பது லட்சத்துக்கும் மேல். வேலை தொடங்கும் முன் எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அடுத்து இறங்குகிறவருக்காவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த அறையில் ரேடியோ கருவிகள், கட்டுப்பாட்டு அலமாரிகள், இன்வெர்ட்டர், பேட்டரிகள் எல்லாம் இருந்தன. இரவு பகல் இல்லாமல் ஓடுபவை. ஏற்கெனவே இரண்டு சாதாரண ஏ.சி. மாட்டியிருந்தார்கள். வெளியே 48 டிகிரி அடிக்கும்போது அவற்றின் திறன் குறைந்துவிடும். மணல் காற்றில் வெளி யூனிட்டின் தகடுகள் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறி கம்ப்ரசர் நின்றுவிடும். மாதத்துக்கு இரண்டு முறை யாராவது மஸ்கட்டிலிருந்து வண்டி எடுத்துப் போய்த் தகடுகளைக் கழுவிவிட்டு வர வேண்டும். வெளி யூனிட்டே இல்லாத ஏதாவது வழி வேண்டும் என்றார்கள். தரைவழி ஹீட் பம்ப் போடலாம் என்று சொன்னவன் நான். அறையின் வெப்பத்தை இயந்திரம் தண்ணீரில் ஏற்றும். அந்தத் தண்ணீர் ஆழ்துளைக்குள் இறக்கிய குழாய்களில் சுற்றி, வெப்பத்தை மண்ணில் விட்டுவிட்டுத் திரும்பி வரும். விசிறி இல்லை, தகடு இல்லை, தூசி ஒரு பிரச்சினையே இல்லை.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர்க் கிணறு. சித்திரை வெயிலிலும் கிணற்றுத் தண்ணீர் உடம்பில் பட்டதும் சிலிர்க்கும். ஓமானின் நிஸ்வாவில், நிலத்தடி நீர் ஓடிவரும் ஃபலஜ் தாரிஸ் கால்வாயில் ஒரு ஜூலை மாதம் கால் நனைத்தபோதும் அதே சுகம். பூமிக்குள் எப்போதும் குளிர்ச்சி இருக்கிறது என்று மனம் முடிவு கட்டிவிட்டது. அது தவறு என்று பிறகுதான் புரிந்தது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண் ஏறத்தாழ அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தில் இருக்கும், அவ்வளவுதான். கோடையில் வெளியே 38 இருக்கும்போது 27 டிகிரித் தண்ணீர் குளிர்ச்சியாகத் தெரிகிறது. அதே தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஐரோப்பாவின் வடக்கே அந்தச் சராசரி பத்து டிகிரி அல்லது அதற்கும் குறைவு. நான் துளை போட்ட வெளியில் மண்ணே 31. என் விற்பனையாளர் அனுப்பிய கையேடு குளிர்நாட்டில் எழுதப்பட்டது. அதில் மண்ணின் வெப்பத்தைக் குறிப்பிடும் கட்டம் ஒன்று இருந்தது. அதை நிரப்பாமலே அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அடுத்த பக்கத்தில் இருந்த எண்தான் என்னைச் சாய்த்தது. ஒரு மீட்டர் துளைக்கு 50 வாட் வெப்பம் என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டிய குளிர்ச்சி 8 கிலோவாட். மண்ணுக்குள் போவது அதைவிடக் கூடுதல், ஏனென்றால் கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் வெப்பமாகி அதே தண்ணீரில்தான் சேரும். ஆக 10 கிலோவாட். ஐம்பதால் வகுத்தால் 200 மீட்டர். பாதுகாப்புக்கு 40 மீட்டர் சேர்த்து, தலா 80 மீட்டரில் மூன்று துளைகள் என்று முடிவு செய்து, தாராளமாகப் போட்டிருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஒப்பந்தத் தொகை 9,200 ரியால். அனுமதி, துளை, குழாய், இயந்திரம் எல்லாம் சேர்த்து என் செலவு 7,600.

துளை போட்ட நாட்களை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. ரிக் ஓட்டியவர் முல்தான்காரர். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். முதல் துளை 30 மீட்டர் தாண்டியபோது வெளியே வந்த தூளை ஒரு கைப்பிடி அள்ளி என்னிடம் நீட்டினார். "சூக்கா, சப் சூக்கா" என்றார். எல்லாம் காய்ந்து கிடக்கிறது. நான் விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். கோதுமை மாவு போல நழுவியது. கையை விரித்ததும் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது, உள்ளங்கையில் ஒட்ட ஒரு துளி ஈரம் இல்லை. 80 மீட்டர் வரை அப்படியேதான் வந்தது. என் அப்பாவாக இருந்தால் அந்தத் தூளைப் பார்த்ததும் முகம் சுருங்கியிருக்கும். இருபது வருடம் அவர் அந்தத் தூளில் ஈரம் தேடித்தான் பிழைத்தார். எனக்குத் தண்ணீர் தேவையில்லையே, துளைதானே வேண்டும் என்று நினைத்தேன். வேலை சீக்கிரம் முடிகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

இங்கே நின்று ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தப் பிழையும் அந்தக் கைப்பிடித் தூளில் இருக்கிறது. மணல் துகள்களுக்கு இடையே தண்ணீர் இருந்தால் அது வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்தால் கடத்தாது. நனைந்த மணலோடு ஒப்பிட்டால் காய்ந்த மணல் ஆறேழு மடங்கு மோசம், கிட்டத்தட்டக் கம்பளி போர்த்திய மாதிரி. கொஞ்ச நஞ்ச ஈரம் இருந்தாலும் சூடான குழாயைச் சுற்றி இருக்கும் ஈரம் மெல்ல விலகிப் போகும், மண் மேலும் காயும். இப்படிப்பட்ட மணல் வெளியில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குழாய் போனால்தான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு உயிர். நான் துளை போட்ட இடத்திலிருந்து 600 மீட்டர் தள்ளி ஒரு பழைய கண்காணிப்புக் குழாய்க்கிணறு இருந்தது. அதில் தண்ணீர் 110 மீட்டருக்குக் கீழே. அரை நாள் செலவழித்து ஒரு கயிற்றில் உணரியைக் கட்டி இறக்கியிருந்தால் தண்ணீர் மட்டமும் மண்ணின் வெப்பமும் தெரிந்திருக்கும். அதைச் செய்தேன், ஆனால் எல்லாம் கெட்டுப்போன பிறகு.

2022 நவம்பரில் இயந்திரத்தை ஓட்டினோம். மண்ணிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 37 டிகிரி. கையேட்டில் 45 வரை போகலாம் என்று இருந்ததால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அப்போது அறையில் கருவிகள் பாதிதான் வந்திருந்தன என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிப்ரவரியில் 40 ஆனது. மார்ச்சில் இரண்டாவது அலமாரி வந்து முழுச் சுமையும் ஏறியது. ஏப்ரல் கடைசியில் 47. ஒவ்வொரு வாரமும் பதிவேட்டைப் பார்ப்பேன், ஒவ்வொரு வாரமும் அரை டிகிரி, ஒரு டிகிரி கூடியிருக்கும். பம்பின் வேகத்தைக் கூட்டினேன். குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். வடிகட்டியைக் கழுவினேன். எங்கோ ஒரு சின்னப் பழுது இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளரிடம் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு மாத மௌனத்துக்கு விலை கொடுத்தேன். மே மாதமே சொல்லியிருந்தால் தற்காலிக ஏற்பாடு செய்திருக்கலாம், பேட்டரிகளாவது தப்பியிருக்கும்.

ஜூன் இரண்டாம் வாரம், மதியம் இரண்டே முக்கால் மணிக்கு உயரழுத்தத்தில் இயந்திரம் நின்றது. தொலைபேசி வந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். போய்ச் சேர்வதற்குள் அறை 51 டிகிரியைத் தொட்டுவிட்டது. கருவிகள் தாமாகவே அணைந்துகொண்டன. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அடுப்படி அனல். எட்டு பேட்டரிகளில் ஐந்து பக்கவாட்டில் உப்பி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அன்று நடந்தது ஆயுள் குறைவது அல்ல, ஒரே பிற்பகலில் செத்துப்போனது.

அன்று இரவு அங்கேயே தங்கினேன். என்னோடு வந்த ராமநாதபுரத்துத் தம்பி வண்டியில் தூங்கிவிட்டான். இரவு இரண்டு மணி இருக்கும். அறையின் கதவுகளைத் திறந்துபோட்டு, இயந்திரத்தைக் குறைந்த சுமையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். வெளியே காற்று 30 டிகிரி, சட்டைக்குள் புகுந்து இதமாக இருந்தது. தரைமட்டக் குழியில் மூன்று குழாய்களும் சேரும் இடத்தில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்துவிட்டேன். அளவுமானி 51 காட்டியது. மதியப் பதிவில் 52. சூரியன் போய் ஏழு மணி நேரமாகியும் ஒரே ஒரு டிகிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டு மாதமாக நான் உள்ளே தள்ளிய வெப்பம் முழுவதும் அந்த மூன்று துளைகளைச் சுற்றி அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் அந்த வெளியில் குளிர்ச்சியாக இருந்தது என் காலுக்குக் கீழே இருந்த மண் இல்லை, தலைக்கு மேலே வீசிய காற்று. வெளி யூனிட்டே வேண்டாம் என்று நான் ஒதுக்கித் தள்ளிய அதே காற்று.

மறுநாள் காலை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். தண்ணீர் வராத குழி என்றால் நாங்கள் மூடியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவோம், நீ எதற்கு அதில் காசைப் போட்டாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குளிர்நாட்டு வீட்டில் மழை, வெயில், குளிர் எல்லாம் மாறி மாறி வரும். கோடையில் மண்ணுக்குள் தள்ளிய வெப்பத்தை குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வெளியே எடுத்துவிடுவார்கள். வரவும் செலவும் ஓரளவு சமன். கருவி அறைக்குக் குளிர்காலமும் இல்லை, கோடையும் இல்லை. வருடத்தின் 8,760 மணி நேரமும் உள்ளே தள்ளுவது மட்டும்தான். சராசரியாக 7.5 கிலோவாட் என்று வைத்தாலும் வருடத்துக்கு 65,000 யூனிட் வெப்பம். இனி ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ. 4640 வழிகாட்டியின் பழைய (2001) பதிப்பைப் பாருங்கள். காய்ந்த மணலுக்கும் சரளைக்கும் அது தந்த எண் மீட்டருக்கு 25 வாட்டுக்கும் கீழே, அதுவும் வருடத்துக்கு 1,800 மணி நேரம் ஓடும் அமைப்புக்கு. அது வெப்பம் எடுப்பதற்கான எண்தான், ஆனாலும் அளவு புரியும். என் 240 மீட்டருக்கு அந்தக் கணக்கில் வருவது வருடத்துக்கு 10,800 யூனிட். நான் ஏற்றியதோ அதைப்போல ஆறு மடங்கு. இந்தப் பெருக்கல் கணக்குக்கு ஐந்து நிமிடம் போதும். ஆகவே யாராவது உங்களிடம் மீட்டருக்கு இத்தனை வாட் என்று ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்த மண்ணுக்கு, வருடத்தில் எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேறு பிழைகளும் உண்டு. மூன்று துளைகளையும் மூன்று மீட்டர் இடைவெளியில் போட்டிருந்தேன், குழாய்ச் செலவு மிச்சம் என்று. வெப்பம் உள்ளே மட்டுமே போகும் இடத்தில் ஆறு மீட்டரே குறைவு. ஒன்றின் சூடு அடுத்ததைத் தொட்டு எல்லாம் சேர்ந்து கொதித்தன. துளையை நிரப்ப வெறும் பென்டோனைட் களிமண் கலவை ஊற்றினேன். ஈரமான மண்ணில் அது சரி. எனக்கோ நான்கே மாதத்தில் மேல்பகுதி காய்ந்து சுருங்கி, குழாயைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டுவிட்டது. அந்த இடைவெளி காற்று, அதாவது இன்னொரு கம்பளி. சிலிக்கா மணல் கலந்த கலவை கிடைக்கிறது, அதைத்தான் கேட்க வேண்டும். குழாயைப் பற்றியும் ஒன்று. பி.இ.100 வகை பாலிஎத்திலீன் குழாயின் அழுத்தம் தாங்கும் திறன் 20 டிகிரியில் 100 என்றால் 40 டிகிரியில் 74தான். 50ஐத் தாண்டி மாதக்கணக்கில் ஓட்ட அது செய்யப்படவே இல்லை. ஜூலையில் ஒரு துளைக்குள் இருந்த குழாய் வளையத்தின் அழுத்தம் இறங்கத் தொடங்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஓமானில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை வெட்டவெளியில் வேலை செய்யத் தடை. மனிதருக்கான நல்ல சட்டம் அது. ஆனால் என் திட்டத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை. காலை நான்கு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடிப்போம். அதற்கு மேல் இரும்பைத் தொட முடியாது. பழுதைச் சரிசெய்யும் நான்கு நாள் வேலை பதினொரு நாள் ஆனது. அந்த நாட்களுக்கு வாடகை ஏ.சி.யும் ஜெனரேட்டரும் 640 ரியால். புதிய பேட்டரிகள் 1,180. ஒப்பந்தத்தில் இருந்த பத்து சதவீத அபராதம் 920. கணக்கைச் சரிபார்த்துத் தந்த ஆலோசகருக்கு 410. போக்குவரத்தும் சாப்பாடும் 600. கடைசியாக, மாற்று ஏற்பாட்டுக்கு 2,150. மொத்தம் 5,900. ஒப்பந்தத்தில் மிஞ்சியிருந்த 1,600ஐக் கழித்தால் என் இழப்பு அந்த 4,300. மனைவியிடம் நகையைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. அதை எழுத இன்னும் மனம் வரவில்லை.

மாற்று ஏற்பாடு என்ன என்று சொல்கிறேன். விசிறி வைத்த ஒரு உலர் குளிர்விப்பானை வாங்கி, மூடிய தண்ணீர்ச் சுற்றில் இணைத்தோம். தகடுகள் அகலமான இடைவெளி கொண்டவை, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்ததால் மணல் அதிகம் அடைப்பதில்லை. காற்று, இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைவிட ஐந்து டிகிரி குறைவாக இருக்கும் நேரமெல்லாம் வெப்பம் காற்றுக்குப் போகும். கோடையில் காற்று 45ஐத் தாண்டும் ஐந்தாறு மணி நேரம் மட்டும் மண்ணுக்குப் போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவுக் காற்று 15 டிகிரிக்கு இறங்கும்போது, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே துளைகளிலும் சுற்றவிட்டு உள்ளே தேங்கிய சூட்டை வெளியே இழுக்கிறோம். இப்படிச் செய்தால் மண்ணுக்கு வருடத்தில் 600, 700 மணி நேரம்தான் வேலை. 2024 பிப்ரவரியில் திரும்பி வரும் தண்ணீர் 36க்கு இறங்கியது. அந்த ஜூனில் உச்சமே 44தான்.

ஆனால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது வெப்பத்தைக் குறைப்பது, அதற்குக் காசே அதிகம் ஆகாது. அறையை 20 டிகிரியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். இப்படிப்பட்ட மின்னணுக் கருவிகளுக்கு, குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கும் வரம்பு 18 முதல் 27 வரை என்று காட்டி, 26க்கு மாற்ற ஒப்புக்கொள்ள வைத்தேன். பேட்டரிகளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து அதை மட்டும் 25இல் வைத்தோம். கூரைக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு இரண்டாவது தகரக் கூரை போட்டு வெள்ளையடித்தோம். இவற்றை முதலிலேயே செய்திருந்தால் நான் பாதி அளவு இயந்திரத்தோடு முடித்திருப்பேன்.

இப்போது யாராவது இதே வேலைக்கு விலை கேட்டால் நான் முதலில் கேட்பது தண்ணீர் மட்டத்தை. அது துளையின் ஆழத்துக்கு மேலே இல்லையென்றால் மண்ணை மட்டும் நம்பிச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். மட்டம் சரியாக இருந்தால், ஒரே ஒரு துளை போட்டு, குறைந்தது 48 மணி நேரம் அதில் சூடான தண்ணீரைச் சுற்றவிட்டு மண்ணின் கடத்தும் திறனை அளக்கும் சோதனையைச் செய்ய வேண்டும். எனக்கு அதற்குச் சொன்ன விலை 900 ரியால். 2022இல் அது வீண்செலவு என்று தோன்றியது. அந்தச் செலவைத் தனி வரியாக விலைப்பட்டியலில் போட்டு, முடிவு வந்த பிறகுதான் மீதித் துளைகளின் எண்ணிக்கை என்று எழுதுகிறேன். இதைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் இரண்டு பேர். வருத்தமில்லை.

அழுத்தம் இறங்கிய அந்த வளையத்தை மட்டும் இணைப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். அதற்குள் ஒரு உணரி தொங்குகிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் பார்ப்பேன். இணைப்பைத் துண்டித்துப் பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 34 டிகிரி காட்டியது. பக்கத்துத் துளைகளின் சூடும் அதில் சேர்ந்திருக்கும். பழைய கிணற்றில் அதே ஆழத்தில் அளந்தது 32.